டெம்பியிலிருந்து கிராண்ட் கேன்யன், ஸயான், வேகஸ்: ஸ்பிரிங் பிரேக்கில் நான்கு மாணவர்கள் காரில் போய்வருவது எப்படி

அரிசோனாவில் படிக்கிற மாணவர்கள் மார்ச் விடுமுறைக்கு முதலில் நினைப்பது இந்தச் சுற்றைத்தான். ஃபீனிக்ஸை ஒட்டிய டெம்பியில் கிளம்பி கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, பேஜ், யூட்டா மாநிலத்தின் ஸயான் பூங்கா, லாஸ் வேகஸ் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறக்குறைய 950 மைல். ஐந்து இரவு, ஆறு நாள் வேண்டும். மான்யுமென்ட் வேலி, பிரைஸ் கேன்யன் என்று பட்டியலை நீட்டினால் கார் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் மிச்சமாகும். முதல் பயணத்துக்கு இந்த நான்கு இடங்களே போதும்.

படி 1: கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள்

வேகஸில் வெள்ளி, சனி இரவுகளில் அறை வாடகை எகிறும். வார நடுவில் இறங்கிவிடும். அதனால் வேகஸ் புதன் இரவில் வரும்படி பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். சனி காலை டெம்பியில் புறப்பாடு. சனி இரவு டுசாயன், ஞாயிறு இரவு பேஜ், திங்களும் செவ்வாயும் ஸயானுக்குப் பக்கத்து ஊரான கனாப், புதன் வேகஸ், வியாழன் வீடு.

டுசாயன் கிராண்ட் கேன்யன் வாசலிலேயே இருக்கிற சிற்றூர், வாடகை அதிகம். வில்லியம்ஸில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு இருட்டில் 60 மைல் போக வேண்டும். அந்தச் சாலையில் எல்க் மான்கள் குறுக்கே வரும், ஒவ்வொன்றும் எருமை கனம். இந்த ஒரு இரவுக்கு மட்டும் காசைப் பார்க்காதீர்கள். ஸயானுக்கு நேர் எதிர்: வாசலில் உள்ள ஸ்பிரிங்டேலை விட்டுவிட்டு கனாபில் தங்கினால் நல்ல மிச்சம், பகலில் ஒரு மணி நேர ஓட்டம்தான்.

வேகஸ் ஹோட்டல்களில் பதிவுப் பக்கத்தில் தெரியும் வாடகையோடு ரிசார்ட் ஃபீ தனியாகச் சேரும். சில இடங்களில் அது அறை வாடகையையே தாண்டும். மொத்தத் தொகையைப் பார்த்தே ஒப்பிடுங்கள். பெரும்பாலான ஹோட்டல்களில் அறை எடுப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

படி 2: முன்பதிவு செய்ய வேண்டியவை

பேஜில் உள்ள ஆன்டிலோப் கேன்யன் நவஹோ மக்களின் நிலம். வழிகாட்டி இல்லாமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். ஸ்பிரிங் பிரேக் வாரத்தில் காலை நேரச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைந்தது ஒரு மாதம் முன்பே திங்கள் காலைக்குப் பதிவு செய்யுங்கள். மேல் கேன்யன் உள்ளே சமதளம், வெளியே வரும் வழியில் மட்டும் படிகள் உண்டு. கீழ் கேன்யனில் செங்குத்தான இரும்பு ஏணிகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர் குழுவில் இருந்தால் மேல் கேன்யன். இரண்டிலும் முதுகுப்பை கூடாது.

ஸயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஏற 2022 ஏப்ரல் முதல் அனுமதிச் சீட்டு கட்டாயம். முன்கூட்டிய குலுக்கலைத் தவறவிட்டாலும் முந்தைய நாள் குலுக்கல் இருக்கிறது. செவ்வாய் ஏற வேண்டுமானால் திங்கள் மதியம் 3 மணிக்குள், யூட்டா நேரப்படி, விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 6 டாலர், ஒரே விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை சேரலாம். சீட்டு கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர் தனி. கிடைக்காவிட்டால் அதே பாதையில் கீழே உள்ள ஸ்கவுட் லுக்அவுட் வரை சீட்டில்லாமல் போகலாம். அங்கிருந்து தெரிகிற பள்ளத்தாக்கே மனம் நிறைக்கும்.

நுழைவுக் கட்டணம் கிராண்ட் கேன்யனுக்கும் ஸயானுக்கும் காருக்கு 35 டாலர் வீதம் 70. எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் வருடாந்தரப் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவருக்கு 80. அடுத்த 12 மாதத்தில் இன்னொரு தேசியப் பூங்கா போகிற எண்ணம் இருந்தால் பாஸ் லாபம். பேஜ் அருகே ஆறு லாடம்போல் வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டில் பாஸ் செல்லாது. அது பேஜ் நகராட்சியின் வாகன நிறுத்தம், காருக்கு 10 டாலர். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு இந்த இரண்டு பூங்காக்களிலும் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. நீங்கள் இங்கே வசிப்பவர் என்று காட்ட அரிசோனா ஓட்டுநர் உரிமமோ மாநில அடையாள அட்டையோ ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். வெறும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வாசலில் நின்று வாதாடுவது வீண்.

படி 3: வாடகைக் கார்

பிழை அதிகம் நடக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

பெரும்பாலான நிறுவனங்கள் 21 வயதானவருக்குத்தான் கார் தரும். 25 நிரம்பாதவருக்கு தினசரி இளவயதுக் கட்டணம் சேரும். ஆறு நாளில் அதுவே நூறு டாலரைத் தாண்டிவிடும். சில பல்கலைக்கழகங்களுக்கு வாடகை நிறுவனங்களோடு ஒப்பந்தம் உண்டு, பதிவில் அதற்கான குறியீட்டு எண்ணைப் போட்டால் இந்தக் கட்டணம் விழாது. சொந்தப் பயணத்துக்கும் அது செல்லுமா என்று பல்கலைக்கழகப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். 25 தாண்டிய சீனியர் ஒருவர் குழுவில் இருந்தால் அவர் பெயரில் எடுப்பது எளிது.

காப்பீட்டில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வாடகைக் காருக்கு வரும் சேதம். இரண்டு, நீங்கள் இடித்த அடுத்தவர் காருக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு, அதாவது லயபிலிட்டி. பல கிரெடிட் கார்டுகள் முதலாவதைத் தரும். அதற்கு முழு வாடகையும் அந்தக் கார்டில் கட்டியிருக்க வேண்டும், கவுன்டரில் தரும் சேதக் காப்பீட்டை மறுத்திருக்க வேண்டும். லயபிலிட்டியை எந்தக் கிரெடிட் கார்டும் தராது. சொந்தக் கார் பாலிசி இல்லாத மாணவர்கள் கூடுதல் லயபிலிட்டிக் காப்பீட்டைக் கண்டிப்பாக வாங்க வேண்டும். ஒருவர் கால் உடைந்து மருத்துவமனைக்குப் போனால் வருகிற பில், உங்கள் இரண்டு வருடப் படிப்புச் செலவையும் மிஞ்சலாம்.

ஓட்டப்போகிற ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "ஒரு மணி நேரம் நான் ஓட்டறேன், நீ தூங்குடா" என்று பெயர் சேர்க்காதவரிடம் சாவியைக் கொடுத்த நொடியில் காப்பீடு செல்லாமல் போகும். இரண்டு பேரைச் சேர்த்தால் போதும்.

வண்டியைப் பெற்றதும் கார் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதற்கு முன் ஒரு முழுச் சுற்று வீடியோ எடுங்கள். முன் பம்பரின் அடிப்பகுதி, நான்கு சக்கர விளிம்புகள், கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, கூரை, பெட்ரோல் முள், ஓடிய மைல். பிறகு ஸ்பேர் டயர் இருக்கிறதா, ஜாக் இருக்கிறதா என்று டிக்கியைத் தூக்கிப் பாருங்கள். பல புதிய கார்களில் ஸ்பேருக்குப் பதில் காற்றடைக்கும் கிட் மட்டும்தான். டோல் பேக்கேஜ் வேண்டுமா என்று கேட்பார்கள். இந்த வழியில் எங்கும் சுங்கச்சாவடி கிடையாது, மறுத்துவிடுங்கள்.

நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் நடுத்தர செடான் திணறும். சிறிய எஸ்யூவி எடுங்கள். ஆல் வீல் டிரைவ் தேவையில்லை.

படி 4: பெட்ரோல் கணக்கு

950 மைலை காலனுக்கு 30 மைல் என்று வகுத்தால் 32 காலன். உள்ளூர் சுற்றலுக்குச் சேர்த்து 35. காலன் 4 டாலர் என்று வைத்தால் 140 டாலர், ஆளுக்கு 35. ரெகுலர் 87 (ஆக்டேன் எண்) போடுங்கள். யூட்டாவில் மலிவாக 85 என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொடாதீர்கள். பச்சைக் கைப்பிடி பல பங்க்குகளில் டீசல். கார்டு போட்டதும் ஜிப் கோடு கேட்டால் வங்கியில் பதிந்திருக்கும் முகவரியின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுக்க வேண்டும். இந்திய வங்கிக் கார்டு என்றால் உள்ளே போய் முன்பணம் கட்டிவிட்டு வாருங்கள். ஃபிளாக்ஸ்டாஃப், பேஜ், கனாப், கிங்மன் நான்கிலும் நிரப்பிவிடுங்கள், பாதி டேங்க் இருந்தாலும்.

படி 5: கடிகாரம்

அரிசோனா கோடை நேரத்துக்கு மாறுவதில்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறுக்குப் பிறகு யூட்டா ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். வேகஸும் அரிசோனாவும் ஒரே நேரம். நவஹோ நிலம் கோடை நேரத்துக்கு மாறும், ஆனால் பேஜ் நகரம் அரிசோனா நேரத்தில்தான் இயங்குகிறது. பேஜில் உங்கள் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆன்டிலோப் சுற்றை ஒரு மணி நேரத்தில் தவறவிடுவது இதனால்தான். போனில் தானியங்கி நேரத்தை அணைத்து ஃபீனிக்ஸ் என்று வைத்துவிடுங்கள். ஏஞ்சல்ஸ் லேண்டிங் விண்ணப்பம் யூட்டா நேரம் 3 என்றால், உங்கள் போனில் 2 மணிக்கு முடிந்துவிடும்.

படி 6: குளிரும் பனியும்

டெம்பியில் டி-ஷர்ட் போதும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000 அடி உயரம். மார்ச் இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். பனிப்பொழிவும் சாதாரணம். வடக்கு விளிம்பு மே மாதம் வரை மூடியிருக்கும், மேப்பில் அங்கே வழி காட்டினால் நம்பாதீர்கள். கிளம்பும் முன் ஏஇசட் 511 என்ற அரிசோனா சாலைத் தகவல் தளத்தில் ஐ-17, ஐ-40 நெடுஞ்சாலை நிலவரம் பாருங்கள். புயல் என்றால் அரை நாள் தள்ளிப் புறப்படுவதே வழி.

கிராண்ட் கேன்யனுக்குள் இறங்கும் சவுத் கைபாப் பாதையில் ஊ ஆ பாயின்ட் வரை ஒரு பக்கம் 0.9 மைல். ஆரம்ப வளைவுகளில் நிழலில் பனிக்கட்டி இறுகியிருக்கும். ஷூவில் மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ் பூங்காக் கடையில் கிடைக்கும். பாதையில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு ஒரு லிட்டராவது எடுங்கள். இறங்க எடுத்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு. அந்தப் பாதைத் தொடக்கத்துக்குச் சொந்தக் கார் போகாது, பூங்காவின் ஆரஞ்சு வழித்தட ஷட்டில் பஸ் பிடிக்க வேண்டும். ஹெர்மிட் சாலையும் மார்ச் 1 முதல் ஷட்டிலுக்கு மட்டும்.

ஸயானில் ஆற்றுக்குள் நடந்துபோகும் நேரோஸ் பாதையை, பனி உருகி நீர் கூடுவதால் மார்ச்சில் பல நேரம் மூடிவிடுவார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

படி 7: சாப்பாடு

பேஜ், கனாப் பக்கம் சைவச் சாப்பாடு தேடுவது சிரமம், விலையும் அதிகம். புளிக்காய்ச்சல் செய்து எடுத்துப் போவதுதான் நல்ல வழி. 100 கிராம் புளியைக் கரைத்து, 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, 10 மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை கொதிக்க விடுங்கள். கடைசியில் வறுத்த வெந்தயப் பொடி, சிறு துண்டு வெல்லம். தண்ணீர்ப் பதத்தில் இறக்கினால் மூன்றாம் நாள் பூஞ்சை வரும். நான்கு பேருக்கு இரண்டு வேளைக்கு இது காணும்.

கலந்த சாதத்தைக் காரில் வைக்காதீர்கள், கெட்டுப்போகும். அறையில் மைக்ரோவேவ் இருக்கும் மோட்டலாகப் பதிவு செய்து, ஒன்றரை கப் அரிசிக்கு மூன்று கப் தண்ணீர் ஊற்றிப் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் முழு வேகத்தில் 10 நிமிடம், பிறகு பாதி வேகத்தில் 8 நிமிடம், மூடி 5 நிமிடம். பொங்கி வழியும், அடியில் தட்டு வையுங்கள். நான்கு பேருக்கு இரண்டு முறை செய்ய வேண்டும். வேகஸ் ஹோட்டல் அறைகளில் பெரும்பாலும் மைக்ரோவேவ் இருக்காது. கூலரில் ஐஸ் கட்டிக்குப் பதில் உறைந்த தண்ணீர் பாட்டில்கள். உருகினால் குடிக்கலாம், தயிர் டப்பாவும் நனையாது.

படி 8: எஃப்-1 (மாணவர் விசா) வைத்திருப்பவர் கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், ஐ-20 (பல்கலைக்கழகம் தந்த படிவம்), ஐ-94 (அமெரிக்க நுழைவுப் பதிவு) அச்சுப்பிரதி. நெவாடாவிலும் அரிசோனாவிலும் கஞ்சா கடையில் விற்பார்கள். மத்திய அரசுச் சட்டப்படி அது இன்னமும் குற்றம், விசா அதைத்தான் பார்க்கும். வாங்கவும் வேண்டாம், காரில் வேறு யாரும் வைத்திருக்கவும் விடாதீர்கள். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் தண்டனைக்குக் காத்திராமல் விசாவையே ரத்து செய்ய முடியும்.

போலீஸ் விளக்கு பின்னால் எரிந்தால் வலது ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, ஜன்னலை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். கீழே இறங்கக் கூடாது. அவர் கேட்ட பிறகு சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுங்கள்.

படி 9: திருப்பி ஒப்படைத்தல்

வேகஸிலிருந்து டெம்பி சுமார் 300 மைல், ஐந்து மணி நேரம். காலை 9க்குக் கிளம்பினால் ஹூவர் அணையைப் பார்த்துவிட்டும் வெளிச்சத்திலேயே வரலாம். விமான நிலையத்தில் ஒப்படைப்பதானால், அதை ஒட்டிய பங்க்கில் விலை அதிகம். ஐந்து மைல் முன்னாலேயே நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் இடத்தில் மறுபடியும் ஒரு சுற்று வீடியோ, முள்ளும் மைலும் தெரியும்படி. இருக்கை அடியில் சார்ஜர், பாஸ்போர்ட், கண்ணாடி தேடுங்கள். ஊழியரிடம் முடித்த ரசீதை மின்னஞ்சலில் வாங்கிவிட்டே நகருங்கள். சேத பில் சில வாரம் கழித்துக்கூட வரும், ஆகவே இரண்டு வீடியோவையும் மூன்று மாதம் அழிக்காதீர்கள்.