பழைய புல்லட்டுக்கு வேறு சைலன்சர்: பூட்டும் முறை

இது வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த, வலது காலில் கியர் போடும் பழைய புல்லட் 350க்கானது. பிறகு வந்த யுசிஇ எஞ்சினில் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ளது) பெண்ட் பைப்பை, அதாவது எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயை, ஸ்டட், நட் போட்டு சிலிண்டர் ஹெட்டோடு பிடித்திருப்பார்கள். பழையதில் பைப் ஹெட்டின் துவாரத்தில் வெறுமனே சொருகி நிற்கும். சைலன்சர் மாற்றிய பிறகு வரும் தொல்லைகளில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கும்.

கடையில் ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்டு ஸ்டார், டால்பின், மெகாஃபோன் என்று அடுக்குவார்கள். பெயரை விடுங்கள், பின்வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் மறுமுனை வரை நேராகப் போனால், அது துளைபோட்ட குழாயைச் சுற்றி கிளாஸ் ஊல் (கண்ணாடி இழைப் பஞ்சு) அடைத்த வகை. ஊல் கரைந்து பறக்கப் பறக்கச் சத்தம் ஏறும். உள்ளே தடுப்புத் தகடு இருப்பதை வாங்குவதே நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் ஒலி வரம்பு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு; லைசென்ஸும் 3 மாதம் முடங்கும்.

வாங்கும்போது கையில் வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி) இருக்கட்டும். பெண்ட் பைப்பின் வெளி விட்டத்தையும் சைலன்சர் வாயின் உள் விட்டத்தையும் அளந்தால், வித்தியாசம் அரை மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 1 மி.மீ.க்கு மேல் போனால் இணைப்பைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் அடைபடாது, வாய்தான் நசுங்கும்.

கழற்றுவதற்கு முந்தைய இரவே கிளாம்ப் போல்ட்டிலும் பின் பிராக்கெட் நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளாம்ப்பைத் தளர்த்தி, பின் நட்டை எடுத்து, சைலன்சரை இடம் வலமாகத் திருகிக்கொண்டே பின்னால் இழுங்கள். சுத்தியலால் அடித்தால் பைப் ஹெட்டுக்குள் ஆட்டம் கண்டுவிடும்; ஹெட் அலுமினியம், துவாரம் தேய்ந்தால் தேய்ந்ததுதான். பைப் இறுக்கமாக நின்று, ஹெட்டைச் சுற்றிக் கரி படியாமல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கரி படிந்திருந்தால் கழற்றித் துடைத்து, சைலன்சர் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, மரச் சுத்தியால் தட்டி உட்கார வையுங்கள். லூசாக ஆடினால் மெல்லிய செப்புத் தகட்டை ஒரு சுற்று சுற்றிச் சொருகலாம்.

நட், போல்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இந்த வண்டிகளில் பல இடங்களில் அங்குல மரைதான். 5/16 அங்குல ஸ்டட்டில் எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) நட் இரண்டு சுற்று சுலபமாக ஏறும், பிறகு இறுகும். ‘துருவாக இருக்கும்’ என்று ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் மரை வழித்துக்கொண்டு வரும்.

இனி பூட்டலாம். சைலன்சரைப் பைப்பில் குறைந்தது 40 மி.மீ. ஏற்றி, எல்லாவற்றையும் கையால் மட்டும் முடுக்குங்கள். பின் பிராக்கெட் துளை ஸ்டட்டுக்கு நேரே தானாக வந்து நிற்க வேண்டும். இழுத்துப் பிடித்து மாட்டும்படி இருந்தால் வாஷர் சேர்த்தோ பிராக்கெட் துளையை நீளமாக ராவியோ சரிசெய்யுங்கள். பெரிய ஒற்றை சிலிண்டரின் அதிர்வில், இழுவையில் மாட்டிய பிராக்கெட் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடாமல் இருக்காது. இறுக்கும் வரிசை: முதலில் பெண்ட் பைப்பின் கீழ் பிராக்கெட், அடுத்து பின் ஸ்டட், கடைசியில் கிளாம்ப். கிளாம்ப்பை முதலில் இறுக்கினால் நீள வித்தியாசத்துக்கு இடம் கொடுக்க வேண்டிய இணைப்பு பூட்டிக்கொள்ளும். பின் நட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் கட்டாயம்.

கிக்கரை முழுதும் மிதித்துப் பாருங்கள், சைலன்சரிலோ பைப்பிலோ இடிக்கக் கூடாது. இரண்டு பேரை உட்கார வைத்துப் பின்பக்கத்தை அமுக்கும்போது அச்சு நட்டுக்கும் சைலன்சருக்கும் விரல் நுழையும் இடைவெளி வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் குரோமைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். கைரேகை எண்ணெய் சூட்டில் வெந்து படிந்தால் போகாது.

ஆக்சிலேட்டரை விடும்போது ‘படபட’வென வெடித்தால் உடனே கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளை) குறை சொல்ல வேண்டாம். இணைப்பில் காற்று புகுந்து, எரியாத பெட்ரோல் பைப்பில் பற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். குளிர்ந்த எஞ்சினில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, பிளக்கின் பீங்கான் வெள்ளையாகவும் பைப் ஹெட் பக்கம் நீலமாகவும் மாறினால் கலவையில் பெட்ரோல் குறைவு. மிக்கார்ப் கார்புரேட்டரில் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள், ஊசி உயரும். முழு ஆக்சிலேட்டரில் மட்டும் திணறினால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். ஏர் ஸ்க்ரூவை முழுதும் மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து ஸ்லோவை (ஆக்சிலேட்டர் தராமல் எஞ்சின் ஓடும் வேகம்) சரிசெய்யுங்கள். பீங்கான் டீ நிறத்துக்கு வந்தால் போதும்.

முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு, எஞ்சின் ஆறியதும், எல்லா நட்டையும் அதே வரிசையில் மறுபடி இறுக்குங்கள். கிளாம்ப் நிச்சயம் கால் சுற்றாவது வாங்கும்.