மக்ரோனி சீஸை ஆரோக்கியமாகச் சமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைநாள் இரவுகளில் குடும்பமே விரும்பிச் சாப்பிடும் மக்ரோனி சீஸை உடலுக்கு இதமான உணவாக மாற்றக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம், நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். வெண்ணெயை அள்ளிப் போடுவதும் தட்டை நிரப்பிப் பரிமாறுவதும் தவறென்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை.

கொழுப்பை அடியோடு நீக்குதல்

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். கொழுப்பு நீக்கிய சீஸ், ஆடை எடுத்த பால், வெண்ணெயே இல்லாத சாஸ் என்று மூன்றையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துவிட்டால் உணவு ஆரோக்கியமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சீஸ் என்பது புரத வலைக்குள் கொழுப்பும் நீரும் சிக்கியிருக்கும் பொருள். சூடேறும்போது அந்தக் கொழுப்பு இளகி, வலையும் தளர்வதால்தான் சீஸ் உருகுகிறது. கொழுப்பை எடுத்துவிட்டால் புரதம் நெருக்கமாக இறுகி, ரப்பரைப் போல இழுபடுமே தவிர, சாஸில் கரையாது.

கற்றுக்கொள்ள வந்த ஒருவர் இப்படித்தான் சமைத்தார். சாஸ் மணல் மணலாகத் திரண்டதும், கரையட்டும் என்று தீயைக் கூட்டினார். அது மேலும் திரண்டது. சுவையும் இல்லாததால் கூடுதல் சீஸையும், அதன்பின் உப்பையும், கடைசியில் தவிர்த்திருந்த வெண்ணெயையுமே சேர்த்தார். குழந்தைகள் பாதியில் எழுந்துபோய், படுக்கும் முன் பிஸ்கட் சாப்பிட்டார்கள். மிச்சப்படுத்த நினைத்த கலோரி வேறு வழியில் வந்து சேர்ந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, ஆரோக்கியமான உணவென்றாலே இப்படித்தான் இருக்கும் என்று அந்த வீடு முடிவுகட்டியது.

சீஸின் வகையை மாற்ற வேண்டாம், அளவைக் குறையுங்கள். 100 கிராம் செடார் சீஸில் ஏறத்தாழ 400 கலோரியும் 33 கிராம் கொழுப்பும் உண்டு. நான்கு பேருக்கு 300 கிராம் போடும் இடத்தில், நன்றாக முதிர்ந்து அழுத்தமான மணமுள்ள செடாரை 150 கிராம் போட்டால், சுமார் 600 கலோரி குறைந்துவிடும். சுவை பெரிதாகக் குறையாது. சிறிதளவு வெண்ணெயில் மாவை வறுத்து, பால் ஊற்றிக் கெட்டியாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். மாவிலுள்ள ஸ்டார்ச் சீஸைத் திரளாமல் காக்கும். ஒரு சிட்டிகை கடுகுப்பொடி, குறைந்த சீஸின் சுவையையும் எடுத்துக்காட்டும்.

துருவிய சீஸ் பொட்டலம்

வேண்டாம். துருவல் ஒட்டாதிருக்கச் சேர்க்கும் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ சாஸின் வழவழப்பைக் கெடுக்கும். கட்டியாக வாங்கித் துருவுங்கள்.

காலிஃபிளவரை ஈரத்தோடு அரைத்தல்

சாஸில் ஒரு பங்கைக் காலிஃபிளவர் விழுதால் நிரப்புவது மிக நல்ல யோசனை. ஆனால் தண்ணீரில் வேகவைத்து, வடிந்தும் வடியாததுமாக அரைப்பவர்களே அதிகம். அந்த நீர் சாஸை நீர்க்கச் செய்யும். உடனே கூடுதல் மாவைத் தேடுவார்கள். ஆவியில் வேகவைத்து, அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கிய பின் அரையுங்கள்.

தயிரைக் கொதிக்கவிடுதல்

சாஸில் தயிர் சேர்ப்பவர்கள் அதைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகே சேர்க்கவும்.

முழுக்கோதுமை மக்ரோனிக்கு ஒரே நாளில் மாறுதல்

நார்ச்சத்து கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் அழுத்தமான சுவைக்கும் கடினத்தன்மைக்கும் நாக்கு பழகக் காலம் வேண்டும். முதலில் பாதிக்குப் பாதி கலந்து செய்யுங்கள். இரண்டும் வேகும் நேரம் வேறு என்பதால் தனித்தனியே வேகவைப்பது நல்லது. ஓவனில் வைக்கப்போவதாக இருந்தால், பொட்டலத்தில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்து, சாஸைச் சற்றுத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஈரத்தை மக்ரோனி ஓவனில் உறிஞ்சிக்கொள்ளும்.