மாடியில் சோலார்: பெயர் மாற்றத்தில் தொடங்கி முதல் பில் வரை

கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது என்று முதலில் பாருங்கள். மாடியில் சோலார் போட வேண்டும் என்று மன்னார்குடியில் உள்ள என் கணினி மையத்துக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எங்கள் பக்கம் பல வீடுகளில் இணைப்பு இன்னும் காலமான மாமனார் பெயரிலோ தாத்தா பெயரிலோதான் இருக்கிறது. விண்ணப்பம் யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவர் பெயரில்தான் போகும். மானியமும் அந்தப் பெயருள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வரும். "ஆதார்தான் இணைச்சாச்சே அக்கா, அது போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. ஆதார் இணைப்பது வேறு, பெயர் மாற்றுவது வேறு. வாடகைக்கு இருப்பவர்கள்கூட ஆதார் இணைத்திருக்கிறார்கள்.

ஆகவே வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் இருந்தால் அதைப் பேசித் தீர்க்கவும் இதுதான் நேரம். பேனலை ஏற்றிய பிறகு கையெழுத்துக் கேட்டுப் போனால் யாரும் எளிதில் போட மாட்டார்கள். பெயர் மாறியதும் பில்லில் உள்ள பெயர், ஆதார், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். முன்னெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தால், பணம் வரும் கட்டத்தில் நின்றுபோகலாம்.

இனி திட்டத்துக்கு வருவோம். பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், 2026-27 நிதியாண்டு வரை நடக்கும். பேனலின் திறனைக் கிலோவாட்டில் அளப்பார்கள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய் மானியம். அரசு இவ்வளவு பணத்தை நம் மாடிக்கு ஏன் தருகிறது என்று பலரும் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். 2070-க்குள் கரியமில வாயு வெளியேற்றத்தை நிகர பூஜ்யத்துக்கு, அதாவது வெளிவிடுவதும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலைக்கு, கொண்டுவருவதாக இந்தியா 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. மின் நிலையங்களின் நிறுவுதிறனில், அதாவது அவை அதிகபட்சம் தரக்கூடிய மின்சார அளவில், பாதி நிலக்கரி, எரிவாயு சாராததாக இருக்க வேண்டும் என்ற 2030 இலக்கை 2025-லேயே தொட்டுவிட்டோம். ஆனால் உண்மையில் ஓடிவரும் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியை எரித்துத்தான் கிடைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நாட்டின் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. மூன்று கிலோவாட் பேனல் நம் வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட் தரும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு மூன்று டன் கரியமில வாயு குறைகிறது, அதுவும் ஒரே வீட்டில். பருவம் தப்பிப் பெய்யும் மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து முளைத்துப் போவதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இந்த மூன்று டன் ஏன் முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எத்தனை கிலோவாட் என்பதை விற்கிறவர் முடிவு செய்ய விடாதீர்கள். கடைசி ஓராண்டு பில், அதாவது ஆறு பில்களை எடுங்கள். ஒரு கிலோவாட் இரண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் சேர்ந்து 300 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டில் முதல் 100 யூனிட்டை மாநில அரசே இலவசமாகத் தருகிறது. அந்த வீட்டுக்கு ஒரு கிலோவாட் தாராளம். 78 ஆயிரம் கிடைக்கிறதே என்று மூன்று கிலோவாட் போட்டால் கைக்காசுதான் முடங்கும். வீட்டுத் தேவைக்கு மிஞ்சும் யூனிட் மின்வாரியக் கம்பிக்குப் போய் அடுத்த பில் கணக்கில் சேருமே தவிர அதை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று நம்பிப் போடாதீர்கள்.

ஏசி உள்ள வீட்டின் கதை வேறு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 700 யூனிட்டுக்கு 3,825 ரூபாய். கூடுதல் 200 யூனிட்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் போகிறது. இப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு கிலோவாட்டே பெரிய மாற்றம் தரும். எரிச்சலூட்டும் அந்த அட்டவணையிலிருந்து வெளியே வந்துவிடலாம். சில ஆண்டுகளில் ஏசி வாங்கும் யோசனை இருந்தால் மூன்றாகவே போடுங்கள்.

அப்புறம் மாடி. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடியேறிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, மாடிப்படிக் கூரை எதன் நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல்கூட வரிசை முழுவதன் உற்பத்தியையும் இழுத்துவிடலாம்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் மாவட்டத்தில் கூரை, மரம், மின்கம்பம் எதுவும் தப்பவில்லை. பேனல் என்பது அகலமான தகடு, காற்றுக்கு அது பாய்மரம் மாதிரி. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம்தான் இங்கே உயிர்நாடி. துத்தநாகம் பூசிய இரும்பா, போல்ட் தளத்தில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, துளையிட்ட இடத்தில் மழைநீர் கசியாமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆளுயரத்துக்கு மேல் தூக்கி அமைத்தால் கீழே துணி காயப்போடலாம்தான், ஆனால் உயரம் கூடக்கூடக் காற்றின் இழுப்பும் கூடும். டெல்டாவில் தாழ அமைப்பதே நல்லது என்பது என் கருத்து.

விண்ணப்பம் எளிது. இந்தத் திட்டத்துக்கான தேசிய இணையதளத்தில் மாநிலம், மின் நிறுவனம், சர்வீஸ் நம்பர், கைபேசி எண் கொடுத்துப் பதிய வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஏற்றுக்கொள்ளலாம் என்று 2024-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. கைபேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும், வேலை செய்யும் கம்பெனிக்காரர் எண்ணாக வேண்டாம். எல்லாச் செய்தியும் ஓடிபியும் அதற்குத்தான் வரும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், விற்றவர் எண்ணையே கொடுத்துவிட்டு, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாமல் தவித்தார்.

இணையதளத்தில் பதிவு பெற்ற கம்பெனிகளின் பட்டியல் இருக்கிறது. அதற்கு வெளியே உள்ளவரிடம் போட்டால் மானியம் கிடையாது. பேனல் மட்டுமல்ல, அதற்குள் மின்சாரம் உண்டாக்கும் செல் என்ற சில்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. விலை குறைவு என்று வெளிநாட்டுச் செல் உள்ள பேனலைத் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் உண்டு. பேனலின் பின்புறமுள்ள வரிசை எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் காகிதத்தில் என்ன எழுதுகிறார் என்று நிதானமாகப் படியுங்கள். மானியம் உங்கள் கணக்குக்கு நேராக வருவது. கையில் பணம் இல்லாதவர்களுக்குப் பொதுத்துறை வங்கிகள் பிணை இல்லாமல் இரண்டு லட்சம் வரை கடன் தருகின்றன. வட்டி 7 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் மேல் மின்சாரம் பாயாமலிருக்க, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துகொள்ளும். புயல் நாளிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரி தனிச் செலவு.

ஓட்டு வீட்டுக்காரர்களையும் வாடகைக்காரர்களையும் இந்தத் திட்டம் இன்னும் சரியாகத் தொடவில்லை என்பது என் ஆதங்கம். மாவட்டத்துக்கு ஒரு மாதிரிச் சூரிய கிராமத்தைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்து ஒரு கோடி ரூபாய் தரும் பகுதியும் இதே திட்டத்தில் உண்டு. 5,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊராக இருந்தால் கிராம சபையில் எழுந்து அதைப் பற்றிக் கேளுங்கள். பள்ளிக்கூட மாடி, குடிநீர் மோட்டார், தெருவிளக்கு என்று பணம் எல்லாருக்கும் பொதுவாகப் போய்ச் சேர அது ஒரு வழி.

பேனல் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாங்கும் யூனிட்டையும் அனுப்பும் யூனிட்டையும் அளக்கும் இருவழி மீட்டர் பொருத்தி, மின்வாரிய அலுவலர் பார்த்து, இயக்கச் சான்று இணையதளத்தில் ஏறிய பிறகுதான் வங்கி விவரம் கொடுத்து மானியம் கேட்க முடியும். அதன் பிறகு 30 நாளில் வர வேண்டும். பேனலை விடிகாலையில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் படிந்தால் கறை போகாது, உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். அறுவடைக் காலத்துத் தூசு கூடுதல், அப்போது அடிக்கடி கழுவ வேண்டும்.

முதல் பில் வந்ததும் வாங்கிய யூனிட், அனுப்பிய யூனிட் இரண்டும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரை அன்றே நீங்களும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பியது பூஜ்யம் என்று இருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அசைவில்லை என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை அந்த மனுவிலேயே குறித்து வையுங்கள்.