யாருக்கு எந்த அனிமே?

ஒருவருக்கு அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், சொல்வதற்கு முன், அவர் கடைசியாக விடாமல் பார்த்து முடித்தது எது என்று கேளுங்கள். கோத்தகிரியில் எங்கள் வீட்டில் நான் அப்படித்தான் ஆரம்பிப்பேன்.

துப்பறியும் கதை என்றால் உயிரை விடும் சித்தப்பாவுக்கு 'டெத் நோட்'. 37 பகுதிகள். கொலைகாரன் யாரென்று முதலிலேயே தெரிந்துவிடும். பிடிபடுவானா என்பதுதான் பதைப்பு.

அம்மாவுக்குச் சண்டையே ஆகாது. தேயிலை பறித்துக் களைத்து வருபவருக்கு 'யுரு கேம்ப்' போட்டுக் கொடுத்தேன். ஃபூஜி மலையைப் பார்த்தபடி கூடாரம் அடித்து, குளிரில் சூடாக நூடுல்ஸ் சாப்பிடும் பெண்கள், அவ்வளவுதான் கதை. உறைபனியில் எழுந்து பழகிய நம் மலைக்காரர்களுக்கு அந்தக் குளிர் உடனே புரியும்.

காடும் மூடுபனியும் பிடித்தவருக்கு 2005-இல் வந்த 'முஷிஷி'. ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை என்பதால் எங்கிருந்தும் தொடங்கலாம். எனக்கு எல்லாவற்றிலும் மேலானது இதுவே.

வாலிபால் ஆடும் தம்பிக்கு வாலிபால் கதையான 'ஹைக்யூ', யோசிக்கவே வேண்டாம்.

புதியவரிடம் 'ஒன் பீஸ்' நீட்டாதீர்கள். ஆயிரம் பகுதிகளைத் தாண்டிவிட்டது. சப்டைட்டில் படிக்கச் சிரமப்படுபவருக்கு, தமிழ் டப்பிங்கில் கிடைக்கும் 'சோலோ லெவலிங்' கொடுங்கள். ரத்தம் அதிகம், சிறுவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள்.