முதல் முறை ராஃப்டிங் போகிறீர்களா? கங்கையில் சிவ்புரியிலிருந்து ஆரம்பியுங்கள்

ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்புப் போட்டு ஆற்று அலைகளில் இறங்கிப் போவது, என்று பேச்செடுத்தாலே நண்பர்கள் முதலில் கேட்பது, "எனக்கு நீச்சல் தெரியாதே, பரவாயில்லையா?" பரவாயில்லை. ரிஷிகேஷ் பக்கம் புதியவர்கள் போகும் பாதைகளில் நீச்சல் தெரியாதவர்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள். உங்களை மிதக்க வைப்பது லைஃப் ஜாக்கெட்டின் வேலை. அலை முகத்தில் அறையும்போதும் துடுப்பை நிறுத்தாமல் போடுவதுதான் உங்கள் வேலை. கீழே நிறைய சொல்லப்போகிறேன், ஆனால் ஒன்றே ஒன்று நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது இதுதான்.

நான் காவிரிக் கரையில் வளர்ந்தவன். ஆறு என்றால் எனக்கு ஆடிப்பெருக்கு, படித்துறை, இடுப்பளவு தண்ணீர். கங்கையில் முதல் முறை கை வைத்தபோது அந்தக் குளிரும் இழுப்பும் என்னைக் கொஞ்ச நேரம் பேசவிடவில்லை. அப்புறம் அந்த ஆற்றை விட முடியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த அந்தக் கங்கையை வைத்தே சொல்கிறேன்.

பாதையையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

தேவ்பிரயாகையில் அலகநந்தாவும் பாகீரதியும் சேர்ந்த பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து ரிஷிகேஷ் வரை மலைகளுக்கு நடுவே இறங்கி வருகிறது. ராஃப்டிங் நடப்பது இந்த இடைவெளியில்தான். எங்கே படகேறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தூரமும் கடினமும் மாறும். பிரம்மபுரியிலிருந்து ஏறினால் சுமார் 9 கிலோமீட்டர், சிவ்புரியிலிருந்து 16, மரைன் டிரைவ் என்ற இடத்திலிருந்து 25 பக்கம், கௌடியாலாவிலிருந்து 35க்கும் மேல்.

தண்ணீர் கொந்தளித்து ஓடும் இடத்தை 'ரேப்பிட்' என்பார்கள். இதை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் லேசான சலசலப்பு. 3 என்றால் படகைத் தூக்கிப் போடும் அலைகள் இருக்கும், ஆனால் வழி தெளிவாகத் தெரியும். 4க்கு மேல் துல்லியமாகப் படகு செலுத்தத் தெரிந்தவர்கள் வேண்டும். 6 நமக்கானது அல்ல. சிவ்புரிப் பாதையில் பெரும்பாலும் 2, 3தான். பிரம்மபுரி சீக்கிரம் முடிந்துவிடும், கை பழகுவதற்குள் கரை வந்துவிடும். அதனால் என் பரிந்துரை சிவ்புரி.

மழைக்காலமான ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ராஃப்டிங் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் எலும்பு வரை குளிரும். நம் ஊர்க்காரர்களுக்கு அக்டோபர் அல்லது மார்ச், ஏப்ரல் சரியாக இருக்கும். டேராடூன் ஜாலி கிராண்ட் விமான நிலையத்திலிருந்து ரிஷிகேஷ் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க: 14 வயதுக்குக் குறைந்தவர்களை இங்கே ஏற்றுவதில்லை.

யாரிடம் பதிவு செய்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். சுற்றுலாத் துறையின் உரிமம் இருக்கிறதா? கூடவே பாதுகாப்புக்கு ஒரு கயாக் வருமா? விழுந்தவரிடம் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அந்தச் சின்னப் படகுதான். விலையில் நூறு, இருநூறு குறைகிறது என்று இதில் சமரசம் வேண்டாம்.

உடுப்பு

ஜீன்ஸும் பருத்தி டி-ஷர்ட்டும் வேண்டாம், தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்பில் ஒட்டிக் குளிர வைக்கும். விளையாட்டு உடுப்புத் துணி நல்லது. காலுக்கு, பின்னால் வார் வைத்த செருப்பு அல்லது பழைய ஷூ. ஹவாய் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். கண்ணாடி போடுகிறவர்கள் தலைக்குப் பின்னால் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

ஜாக்கெட்டை நீங்களே சோதியுங்கள்

எல்லா வார்களையும் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறி வந்தால் அது தளர்வு, தண்ணீரில் உங்களை விட்டுவிட்டு அது மட்டும் மேலே மிதக்கும். மூச்சு விட முடிய வேண்டும், ஆனால் அசையக் கூடாது.

ஒரு முறை எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் நடு பக்கிள் உடைந்திருந்தது. "ஒண்ணும் ஆகாது, இரண்டு இருக்கே" என்றார்கள். நான் நகரவில்லை. வேறொன்று வந்த பிறகுதான் படகில் ஏறினேன். நீங்களும் கூச்சப்படாதீர்கள். ஹெல்மெட்டும் அப்படித்தான், நெற்றி மூடியிருக்க வேண்டும், தலையை ஆட்டினால் வழுக்கக் கூடாது.

உட்காரும் விதமும் துடுப்பும்

புதியவர்கள் எல்லோரும் படகுக்குள் பத்திரமாக உட்காரத்தான் பார்ப்பார்கள். அங்கிருந்து துடுப்பு தண்ணீரை எட்டாது. வெளிப்பக்கக் காற்றுக் குழாயின் மேல் உட்கார வேண்டும். படகுக்குக் குறுக்கே தடித்த குழாய்கள் இருக்கும், அவற்றின் அடியில் பாதங்களைச் செருகிக்கொள்ளுங்கள். படகோடு உங்களைப் பிணைத்து வைத்திருப்பது இந்தப் பாதங்கள்தான், அதனால் நன்றாகச் செருகுங்கள். ஆனால் விழுந்தால் உருவிக்கொள்ள முடியாத அளவுக்குத் திணிக்க வேண்டாம்.

துடுப்பின் மேல்முனையில் டி வடிவப் பிடி இருக்கும். படகின் உள்பக்கக் கை அதன் மேல் இருக்கட்டும், வெளிப்பக்கக் கை தண்டின் கீழ்ப்பகுதியைப் பிடிக்கட்டும். அந்த டி பிடியிலிருந்து கையை எடுக்கவே எடுக்காதீர்கள். படகு குலுங்கும்போது அதைச் சும்மா விட்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரின் பல்லில்தான் போய் இடிக்கும்.

போடுவது எப்படி? இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, துடுப்பின் தட்டையை முழுவதும் தண்ணீருக்குள் இறக்கி, உடம்பை நிமிர்த்திக்கொண்டே இழுங்கள். கை மட்டும் வேலை செய்தால் பத்து நிமிடத்தில் தோள் விட்டுப்போகும். முன்னால் இருக்கும் இருவர்தான் தாளம். மற்றவர்கள் அவர்கள் முதுகைப் பார்த்து அதே நேரத்தில் போட வேண்டும். ஆறு பேர் ஆறு வேகத்தில் போட்டால் துடுப்புகள் ஒன்றோடொன்று மோதும், படகு போகாது.

நிறுத்தாதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து போகும் படகைத் திருப்ப முடியாது. மிதிக்காத சைக்கிளின் ஹேண்டில் ஆடுவது மாதிரிதான். பின்னால் இருக்கும் கைடு என்னதான் திருப்பினாலும், நீங்கள் வேகம் கொடுத்தால்தான் அது எடுபடும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் மடங்கிச் சுழலும் குழியில் வேகமில்லாத படகு மாட்டிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. தண்ணீருக்குள் ஊன்றிய துடுப்பு உங்களுக்கே ஒரு ஊன்றுகோல். பயந்து துடுப்பைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறவர்தான் முதலில் விழுகிறார்.

கட்டளைகள்

இந்தி தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம், கட்டளைகள் ஆங்கிலச் சொற்கள்தான். 'ஃபார்வர்ட்' என்றால் முன்னால் போடுங்கள், 'பேக்' என்றால் பின்னோக்கிப் போடுங்கள், 'ஸ்டாப்' என்றால் துடுப்பை மடியில் வையுங்கள். 'லெஃப்ட் பேக்' என்றால் இடப்பக்கத்தினர் மட்டும் பின்னோக்கி. 'கெட் டவுன்' என்று கத்தினால் உடனே குழாயிலிருந்து இறங்கி உள்ளே குந்தி, பக்கத்துக் கயிற்றைப் பிடியுங்கள். சிவ்புரியில் கிளம்புவதற்கு முன் அமைதியான தண்ணீரில் இதையெல்லாம் ஒத்திகை பார்ப்பார்கள். செல்ஃபியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அலைக்குள்

'ரிட்டர்ன் டு சென்டர்', 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று ஒவ்வொரு ரேப்பிட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. எனக்குப் பிடித்தது ரோலர் கோஸ்டர். முதலில் சத்தம்தான் வரும், பாறை இடுக்கிலிருந்து லாரி வருவது மாதிரி. அப்புறம் ஆறு ஒரு கோடாக முடிவது போலத் தெரியும், அதற்கு அப்பால் வெள்ளைத் துளிகள் மட்டும் எகிறும். நடுவில் வழவழப்பான பச்சைத் தண்ணீர், நாக்கு நீட்டினாற்போல், கீழ்நோக்கிக் குறுகிப் போகும். அந்த நாக்கில்தான் கைடு படகைச் செலுத்துவார். முக்கோணத்தின் முனை கீழ்நோக்கி இருந்தால் வழி. முனை உங்களைப் பார்த்து இருந்தால் அங்கே பாறை. இதை ஒரு முறை கண்ணால் பிடித்துவிட்டால் எந்த ஆற்றைப் பார்த்தாலும் தெரிய ஆரம்பிக்கும்.

நாக்கு முடிந்ததும் படகின் மூக்கு மேலே ஏறும். அடுத்த நொடி கீழே விழும். ஒரு வாளித் தண்ணீர் முகத்தில், ஒன்றும் தெரியாது. "ஃபார்வர்ட், ஃபார்வர்ட்!" துடுப்பை இறக்கினால் சில சமயம் காற்றுதான் இருக்கும், தண்ணீர் இருக்காது. பரவாயில்லை, அடுத்ததைப் போடுங்கள்.

விழுந்துவிட்டால்

விழுவது பெரிய விஷயமல்ல. குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அதுதான் திகிலாக இருக்கும். சில நொடிதான். வேண்டுமென்றே மூச்சை வெளியே ஊதுங்கள், அடங்கிவிடும்.

உடனே மல்லாந்து படுங்கள். கால்கள் ஆறு போகும் திசையில், விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி. பாறை வந்தால் காலால் உதைத்துக்கொள்ளலாம், தலை இடிக்காது. அலையின் பள்ளத்தில் மூச்சை இழுங்கள், உச்சி வரும்போது அடக்குங்கள்.

எழுந்து நிற்காதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரிந்தாலும் காலை விடக் கூடாது. அடியில் உள்ள பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஓடும் தண்ணீர் உங்களைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். முழங்கால் அளவுத் தண்ணீரிலும் இது நடக்கும். ஓட்டம் அடங்கிய இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கைகளை மேலே வைத்து, படகின் அடிப்பாகத்தைத் தடவித் தள்ளியபடி ஒரே திசையில் போங்கள், வெளியே வந்துவிடுவீர்கள். கயிறு எறிந்தால் நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள், மணிக்கட்டில் சுற்றவே சுற்றாதீர்கள்.

விழுந்தவரைத் தூக்குவதற்கும் முறை உண்டு. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து, முழங்காலைக் குழாயில் முட்டுக்கொடுத்து, நீங்கள் அப்படியே பின்னால் சாயுங்கள். அவர் உங்கள் மேலே வந்து விழுவார். என் தம்பியை நான் இப்படித்தான் தூக்கினேன். அவன் என்னைவிட இருபது கிலோ கூட.

அமைதியான பகுதி வந்ததும் கைடு குதிக்க அனுமதிப்பார். பலர் விளையாட்டாகக் குதிக்கிறார்கள். நீங்கள் மல்லாந்து மிதப்பதை அங்கே ஒத்திகை பாருங்கள். நீச்சல் தெரியாதவர்கள் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கலாம். ஜாக்கெட் தூக்குகிறது என்று உடம்புக்குத் தெரிந்தபிறகு பாதி பயம் போய்விடும்.

அடுத்து எங்கே

வீட்டுக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்றால் கர்நாடகத்தில் தாண்டேலி அருகே காளி ஆறு. மகாராஷ்டிரத்தில் கோலாடு பக்கம் குண்டலிகா ஆறு; அங்கே காலையில் மின்நிலையத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்ட பிறகுதான் படகு விடுவார்கள், தாமதமாகப் போனால் தண்ணீர் இருக்காது. இலங்கையில் கித்துல்கல, களனி ஆறு. பாதை குறுகியது, புதியவர்களுக்கு நல்லது.

ஆனால் சிவ்புரியை இரண்டு முறை முடித்தவர்கள் கங்கைக்கே திரும்பி, கௌடியாலாவிலிருந்து இறங்க வேண்டும் என்பேன். வழியில் பியாசி பக்கம் 'தி வால்' என்ற ரேப்பிட் வருகிறது, 4ஆம் தரம். ஆறு வளையும் இடத்தில் மொத்தத் தண்ணீரும் பாறைச் சுவரில் போய் மோதித் திரும்பும். கைடுகள் அதற்கு முன்னாலேயே படகைக் கரையில் கட்டிவிட்டு, பாறை மேல் ஏறி அன்றைய தண்ணீரைப் பார்ப்பதுண்டு. நீங்களும் கூட ஏறிப் பாருங்கள், நாக்கு எங்கே, குழி எங்கே என்று தேடுங்கள். தண்ணீர் அதிகமான நாளில் பயணிகளைக் கரையோரம் நடந்து வரச் சொல்வார்கள். சொன்னால் மறுபேச்சில்லாமல் நடந்துவிடுங்கள்.