புது பேட்டரி போட்ட பிறகு கார் அணைந்து போகிறதா? வரிசையாகப் பாருங்கள்

நேற்று வரை ஒழுங்காக ஓடிய கார், பேட்டரி மாற்றிய மறுநாள் சிக்னலில் நின்றதும் அணைந்துவிடுகிறது. இல்லையென்றால், சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) சுற்றவே இல்லை என்றால் அதற்குப் போதிய கரண்ட் வந்து சேரவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். ஸ்டார்ட் ஆகி அப்புறம் அணைந்தால் பெரும்பாலும் பேட்டரி மேல் தப்பில்லை. இங்கே சொல்வது பெட்ரோல் காருக்கு.

செல்ஃப் சுற்றவில்லை என்றால்

பானெட்டைத் திறந்து, பேட்டரி முனையில் வயரைப் பிடித்திருக்கும் டெர்மினல் கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். லேசாக அசைந்தாலும் அங்கேதான் கோளாறு. பேட்டரி முனைகளில் மெல்லியது, தடித்தது என இரண்டு அளவு உண்டு. தடித்த முனைக்கான கிளாம்பை மெல்லியதில் மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. இடையில் தகரத்தைச் செருகிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சரியான கிளாம்பைப் போடச் சொல்லுங்கள்.

பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு 10 எம்எம் ஸ்பேனர் போதும். முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றுங்கள். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் ஷார்ட் ஆகும். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, நன்றாகத் துடையுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

அடுத்து வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். புது பேட்டரியும் கடையில் மாதக்கணக்கில் கிடந்தால் இறங்கித்தான் போயிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைக் கடைக்காரரிடம் சோதிக்கக் கொடுங்கள். வோல்ட் சரியாக இருந்தும் சுற்றவில்லையா? மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயரைப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகி அணைந்தால்

இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு வால்வால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் நாளாக நாளாகக் கரி படிகிறது. காற்று குறைவதைக் கவனித்து ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து சமாளித்து வந்திருக்கும். பேட்டரியைக் கழற்றியதும் பல கார்களில் அந்தக் கணக்கு அழிந்துவிடும். கரி மட்டும் அப்படியே இருக்கும். புதிதாக ஆரம்பிக்கும் ஈசியூ கரி இல்லாத காலத்து அளவுக்கே திறப்பதால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் அணைகிறது.

ஈசியூ அந்தக் கணக்கை மறுபடி கற்க விடுங்கள். காரைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் புகை உயிருக்கே ஆபத்து. ஏசி, லைட், பாட்டு எல்லாம் ஆஃப். நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அணைகிற மாதிரி இருந்தால் சூடேறும் வரை லேசாக ஆக்சிலேட்டர் கொடுக்கலாம். சூடேறிய பிறகு அதைத் தொடாமல் 10 நிமிடம் ஓட விடுங்கள். அப்புறம் ஏசி போட்டு இன்னொரு 5 நிமிடம். ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும். சில மாடல்களுக்கு வேறு முறை உண்டு, காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து திரும்பக் கற்க விட வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது உள்ளே இருக்கும் வால்வுத் தட்டை விரலால் தள்ளாதீர்கள்.

ஓட்டத்திலேயே அணைந்து, டாஷ்போர்டில் பேட்டரி விளக்கும் எரிந்தால், ஓட்டத்தில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். ஓடும் இன்ஜினில் மைனஸ் வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். வோல்ட் எகிறி ஈசியூவே போய்விடலாம்.

ஸ்டார்ட் ஆன ஓரிரு நொடியில் அணைந்து, டாஷ்போர்டில் சாவி படம் மின்னுகிறதா? அது இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓட விடாத திருட்டுத் தடுப்பு. வீட்டிலிருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் ஓடவில்லை என்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.