வெள்ளாப்பில் மணற்காடு

கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் போய் இறங்கிய முதல் வாரம் இரவு இரண்டு மணிக்கே கண் முழித்துவிடும். முகட்டைப் பார்த்தபடி புரண்டுகொண்டு கிடப்பதைவிட, பழைய பள்ளிக்கூடக் கூட்டாளிகளிடம் முதல்நாளே சொல்லிவைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடலாம். நான் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்கிறேன். விருந்து வீடுகளில் வாய்க்குள்ளேயே நின்றுவிடும் கதையெல்லாம் கடற்கரையில் தானாக வரும்.

எந்தக் கடல் என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளைகளோடு குளிக்கப் போவதென்றால் காரைநகர் கசூரினா. ஆழமும் அலையும் குறைந்த கடல். கீரிமலையில் கடலில் தோய்ந்துவிட்டு நன்னீர்க் கேணியில் உப்பைக் கழுவலாம். ஆனால் மணலில் குந்தியிருந்து சூரியன் எழும்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் பருத்தித்துறை தாண்டி மணற்காட்டுக்குப் போங்கள். பெயருக்கேற்றபடி மணல்தான்: மேடு மேடாக மணல், சவுக்கந்தோப்பு, மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள்.

மாதத்தையும் பாருங்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் ஆடி, ஆவணியில் இந்தப் பக்கத்துக் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு வாடைக்காற்றும் மழையும்தான்; கரையில் நிற்கலாம், இறங்கக்கூடாது. எந்த மாதமானாலும் இது திறந்த கடல். அங்கே கடற்தொழில் செய்பவர்களைக் கேட்காமல் கால் நனைப்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். டிசம்பர் 26 காலை மட்டும் உல்லாசமாகப் போய்விடாதீர்கள். 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த கரை அது. அன்று அழுகையும் அஞ்சலியுமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கே ஏறக்குறைய 33 கிலோமீட்டர். ஆவணியில் ஆறு மணியளவில் விடியும் என்பதால் நாலரைக்கு வான் புறப்பட்டால்தான் சரி. டிசம்பரில் இருபது நிமிடம் பிந்தலாம். பிளாஸ்கில் தேத்தண்ணி, கடதாசியில் சுற்றிய பாணும் சம்பலும், ஒரு டோர்ச், இவ்வளவு போதும். செருப்பைக் கழற்றிவிட்டு மணல்மேட்டில் ஓட ஆசை வரும். இராவணன் மீசைப் புல்லின் முனை குத்தும்போது தெரியும், ஏன் ஊர்க்காரர் யாரும் அப்படி ஓடுவதில்லை என்று.

காசு விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. எல்லாவற்றுக்கும் நீங்களே கொடுக்க முந்தாதீர்கள். ஒருமுறை நான் அப்படிச் செய்தபோது ஒரு கூட்டாளி, "நாங்கள் என்ன மச்சான், உன்ர விருந்தாளியளோ?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனாலும் சுட்டது. அப்புறம் வான் கூலி என் பங்கு, சாப்பாடு அவர்கள் பங்கு என்று வைத்துக்கொண்டோம். அதேபோல், வார நாளில் கூப்பிட்டால் அவர்களுக்கு வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இருக்கும். ஏழு மணிக்குள் திரும்ப ஏறிவிடுங்கள், அல்லது ஞாயிறாகப் பாருங்கள். ஞாயிறில் ஒரு குறை உண்டு: கத்தோலிக்க மீனவர் ஊர்களில் அன்று பூசைக்குப் போவார்கள், பெரும்பாலும் வள்ளம் இறங்காது.

மற்ற நாட்களில் வெளிச்சம் பரவும்போது வள்ளங்கள் கரை சேரும். சில நாள் கரைவலையும் இழுப்பார்கள். முன்பு அம்பா என்ற தொழிற்பாட்டோடு ஆட்கள் கூடி இழுத்த வலையைப் பிற்பாடு பல இடங்களில் உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கியது. பார்க்கலாம், கேட்டுவிட்டு ஒரு கை கொடுக்கவும் செய்யலாம். ஆனால் அது அவர்களுடைய வேலைத்தலம். வலைமேல் செருப்புக் காலோடு ஏறாதீர்கள், கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். படை முகாம்களைப் படம் எடுக்கவே வேண்டாம். கடற்கரை உடுப்பெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

மீன் வாங்கும் எண்ணமிருந்தால் சில்லறைக் காசும் ஒரு பையும் கொண்டு போங்கள். அதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாள். கூட்டாளிகளில் பாதிப்பேர் அப்போது மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார்கள். துள்ளத் துள்ள மீனை வாங்கிக்கொண்டு நான் நிற்க, சமைக்க ஒரு வீடும் கிடைக்காமல் கடைசியில் வான் சாரதியிடம் கொடுத்துவிட்டு வந்த கதையும் உண்டு.

திரும்பும் வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயில். உள்ளே போவதென்றால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மாற்றுடுப்பு இருந்தால் நல்லது, ஈரத்தோடும் மணலோடும் போனால் முறைப்பார்கள். பிறகு பருத்தித்துறைச் சந்தைப் பக்கம் தட்டை வடை வாங்குங்கள். அந்த மொறுமொறு வடை நாள்பட இருக்கும், கனடா வரை வரும். பையின் அடியில் வைத்தால் தூளாகத்தான் வரும்.